அர்த்தநாரியின் ஈரல்

அர்த்தநாரியின் ஈரலைச் சென்னிமேடு ஊரே நேரில் பார்த்தது. வர முடியாதவர்கள் கைப்பேசியில் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருடைய முகத்தைவிட ஈரல் அதிகப் புகழ் பெற்றது மனித குலத்தில் அதுவே முதல்முறையாக இருக்கும். ஆடுகளுக்கு அந்தப் பெருமை முன்பே உண்டு.

அதற்குக் காரணமான களிம்பைக் கண்டுபிடித்தவர் கோகிலவாணி. கோவையில் மருத்துவக் கருவிகள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஒளியியல் ஆராய்ச்சியாளர். நாற்பதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர், பேசினால் உண்மையைச் சொல்லிவிடும் கெட்ட பழக்கம் உடையவர். அவருடைய அக்காவின் கைக்குழந்தைக்கு ஒருமுறை ஊசி போட நரம்பு கிடைக்காமல், பிஞ்சுக் கையை நர்சுகள் மாறி மாறிக் குத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார். தோலைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இல்லாமல் செய்துவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்று தோன்றிய யோசனை பல வருடங்கள் அவரை விடவில்லை. கடைசியில், மிட்டாய்க்கும் கேசரிக்கும் போடுகிற மஞ்சள் சாயத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பொருளை வைத்து அதைச் சாதித்தார். தடவி நன்றாகத் தேய்த்தால் தோலும் அதன் கீழே இருக்கும் சதையும் கண்ணாடி ஆகிவிடும். தண்ணீர் விட்டுக் கழுவினால் பழைய தோல் திரும்பிவிடும். முதலாளி லோகநாதன் அதற்குத் 'தெளிவு' என்று பெயர் வைத்தார்.

குழந்தைகள் வார்டில் தெளிவு ஒழுங்காக வேலை செய்தது. வெளியே வந்த பிறகுதான் அதற்குப் புத்தி கெட்டது. கறுப்பா சிவப்பா என்று தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட நாட்டில் இரண்டும் இல்லாத தோல் வந்ததும், சிவப்பழகு கிரீம் விற்றவர்கள் முதலில் திகைத்தார்கள், பிறகு அதையும் விற்றார்கள். கல்யாணப் புகைப்படங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆளுக்கொரு துடிக்கும் இதயத்தோடு சிரித்தார்கள். நிச்சயத்துக்கு முன் பெண்ணின் கர்ப்பப்பையைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட ஒரு மாமியாரிடம், பெண்ணின் தாயார் மாப்பிள்ளையின் மூளையைப் பார்க்கலாமா என்று திருப்பிக் கேட்டதாகவும், அந்தச் சம்பந்தம் நின்றுபோனதாகவும் சொன்னார்கள். மண்டையோட்டுக்குள் தெளிவு செல்லாது. அதனால் பல மாப்பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இந்த நிலையில்தான் சென்னிமேடு நகராட்சிக்குத் தேர்தல் வந்தது.

தலைவர் பதவிக்கு நின்ற அர்த்தநாரி மஞ்சள் மண்டி வைத்திருந்தவர். ஐம்பத்தேழு வயது, வெள்ளை வேட்டி, நல்ல தொப்பை. ஊரில் இருக்கும் எல்லா பார்களையும் மூடுவேன் என்பது அவருடைய ஒரே வாக்குறுதி. அதற்குக் காரணம் அவர் மனைவி தெய்வானை. தெய்வானையின் அண்ணன் குடித்துக் குடித்தே இளம் வயதில் செத்தவர். குடிக்காத மாப்பிள்ளை என்றால் மட்டுமே கழுத்தை நீட்டுவேன் என்று சொல்லித்தான் அந்த அம்மாள் அர்த்தநாரியைக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை.

எதிரே நின்றவர் சம்பத்குமார். அவர் மூடப்பட வேண்டிய பார்களின் சொந்தக்காரர். எல்லாம் மச்சினன்கள் பெயரில் இருந்தன.

அர்த்தநாரி மண்டிக் கிடங்குக்குள் உட்கார்ந்து ரகசியமாகக் குடிக்கிறார் என்று சம்பத்குமாரின் ஆட்கள் கிளப்பிவிட்டார்கள். அர்த்தநாரிக்குக் கோபம் வந்தது. பஸ் நிலையத்துப் பொதுக்கூட்டத்தில், என் நெஞ்சைப் பிளந்து காட்டத் தயார் என்று முழங்கினார். இந்த வாக்கியத்தைத் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ மேடைகளில் எந்த ஆபத்தும் இல்லாமல் சொல்லியிருக்கிறார்கள். காலம் மாறிவிட்டதை அர்த்தநாரி கவனிக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கரும்புச் சாறு பிழிந்துகொண்டிருந்தவர் எந்திரத்தை நிறுத்திவிட்டு, "நெஞ்செல்லாம் எதுக்குங்க, ஈரலைக் காட்டுங்க போதும்" என்றார்.

சம்பத்குமார் முந்திக்கொண்டார். இரண்டாம் நாளே தன் மேடையில் சட்டையைக் கழற்றி, தெளிவு தடவிக்கொண்டு, விளக்கு முன்னால் நின்றார். அவருடைய ஈரல் வெட்கப்பட்ட புதுப்பெண் போலச் சிவந்து மின்னியது. மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் தின்னமாட்டான் என்று அவர் சொன்னதற்குக் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இனி அர்த்தநாரி காட்டாமல் இருக்க முடியாது.

தடவிவிட நிறுவனத்திலிருந்து ஆள் கேட்டார்கள். லோகநாதன் கோகிலவாணியைப் போகச் சொன்னார். ஆசுபத்திரிக்குச் செய்த மருந்தை அரசியல் மேடையில் பூசுவதற்குத் தான் வரமாட்டேன் என்று அவர் மறுத்துப் பார்த்தார். நீங்கள் போகாவிட்டால் விளக்கு வாடகைக்கு விடுகிறவனே தடவிவிடுவான், அதிக நேரம் விட்டுத் தோல் வெந்துபோனால் அதுவும் உங்கள் களிம்பின் பெயரில்தான் வரும் என்றார் லோகநாதன். கோகிலவாணி கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேடைக்குப் பின்னால் இருந்த கல்யாண மண்டபத்தின் மணமகன் அறையில் அர்த்தநாரி சட்டையில்லாமல் பெஞ்சில் படுத்திருந்தார். கோகிலவாணி ஆரஞ்சு நிறக் களிம்பை அவருடைய வலது விலாவுக்குக் கீழே வட்டமாகத் தேய்த்தார்.

"ஏனுங்க அம்மணி, தோலு கரைஞ்சு போயிருங்களா?"

"இல்லீங்கண்ணா. பஜ்ஜி மடிச்சுக் குடுக்கற பேப்பர்ல எண்ணெய் பட்ட எடம் கண்ணாடி மாதிரி ஆயிரும்ல? பேப்பர் எங்கியும் போகல. பேப்பர் நாருக்கும் அதுக்கு நடுவுல இருக்கற காத்துக்கும் ஒத்துப்போறதில்ல. வெளிச்சம் உள்ள போனா முட்டி முட்டிச் செதறிருது. எண்ணெய் அந்தக் காத்து இருந்த எடத்தை ரொப்பிச் சமாதானம் பண்ணி வெக்குது. வெளிச்சம் நேரா போயிருது. நம்ம ஒடம்புல தண்ணிக்கும் மத்ததுக்கும் அதே தகராறுதான். இந்தக் களிம்பு அதைத் தீத்து வெக்குது."

அர்த்தநாரி யோசித்தார். "அப்ப நம்மள மூடி மறைக்கறதுக்குன்னு தோல்ல தனியா ஒண்ணும் இல்லீங்களா?"

"பெருசா ஒண்ணும் இல்லீங்க. உள்ள நடக்கற சண்டைதான் நம்மள மறைச்சு வெச்சிருக்குது."

இது நல்லா இருக்கே, மேடையில் சொல்லலாமா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தோல் விலகத் தொடங்கியது. முதலில் பனி மூடிய ஜன்னல் போல இருந்தது. பிறகு பனி போயிற்று. கோகிலவாணி விளக்கைச் சாய்த்து உள்ளே பார்த்தார். ஈரல் பழுத்த மாம்பழத் தோல் நிறத்தில் இருந்தது. ஓரம் மழுங்கி, மேற்பரப்பில் ரவை ஒட்டியதுபோல் சின்னச் சின்ன மேடுகள் தெரிந்தன. களிம்பே மஞ்சள் கலந்தது, அதன் வழியாகப் பார்த்தால் எல்லாமே கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். அதற்காக விளக்கை மாற்றிப் பார்த்தார். அப்போதும் மஞ்சள்தான்.

அவர் மறைக்கவில்லை. தான் டாக்டர் இல்லை என்றும், ஆனாலும் இந்த ஈரல் நன்றாக இல்லை என்று தனக்குத் தெரிகிறதென்றும், இதை மேடையில் காட்ட வேண்டாம், நேரே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னார். அர்த்தநாரி சிரித்தார். குடிக்காதவன் ஈரல் எப்படிக் கெடும் என்று கேட்டார். குடிக்காதவர்களுக்கும் கெடும் என்று கோகிலவாணி சொன்னது அவருக்கு ஏதோ கம்பெனி விளம்பரம் போல இருந்திருக்க வேண்டும். வெளியே அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது இறங்கிப்போனால் பயந்துவிட்டான் என்பார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தார்.

மேடை விளக்கு அவர் வயிற்றில் விழுந்ததும் கூட்டம் அமைதியானது. பெரிய திரையிலும் அதே ஈரல் மஞ்சளாகத் தொங்கியது. மஞ்சள் மண்டிக்காரர் ஈரல் வேறு எப்படி இருக்கும் என்று ஒருவர் சொல்ல, சிரிப்புக் கிளம்பிப் பின்வரிசை வரை போயிற்று. கோகிலவாணி மைக்கை வாங்கி, இது குடியால் மட்டும் வருவதில்லை என்று விளக்க முயன்றார். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார்கள். அர்த்தநாரி திரும்பித் திரையைப் பார்த்தபடி நின்றார். தன் உடம்புக்குள் இப்படியொரு ஆள் குடியிருந்தது அவருக்கு அதுவரை தெரியாது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தெய்வானை எழுந்தார். மேடைப் படிகளுக்கு அருகில் வந்து, உரக்கப் பேசாமல், கணவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"எங்கண்ணனுக்கும் கடைசியில இப்படித்தான் இருந்துச்சு. ஆசுபத்திரியில படம் காட்டுனாங்க. மறக்குமா எனக்கு?"

அன்று சாயங்காலமே தெய்வானை தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கோகிலவாணி அர்த்தநாரியின் வீட்டுக்குப் போனார். டாக்டரிடம் கூட்டிப்போகத்தான் வந்தார். அர்த்தநாரி அசையவில்லை. ஊரே பார்த்தாகிவிட்டது, இனிமேல் டாக்டர் ஒருவர்தான் பாக்கியா என்று கேட்டார். பிரசாரத்துக்கும் போகவில்லை. சமையல்கட்டு ஆறிக் கிடந்ததால் கடையில் வாங்கிய மைசூர்பாகைத் தின்றுகொண்டிருந்தார். அவர் என்னென்ன சாப்பிடுவார் என்று கோகிலவாணி விசாரித்தார். மண்டியில் வருகிறவர் போகிறவரோடெல்லாம் சர்க்கரை தூக்கலாக டீ, வீட்டில் தெய்வானை கையால் தினம் ஒரு இனிப்பு, ராத்திரி பாலில் மூன்று கரண்டி நாட்டுச்சர்க்கரை. இதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. ஈரலுக்காக இல்லை, பாலுக்காக.

"ஊரு சிரிச்சது பரவால்லீங்க அம்மணி. ஓட்டும் போனாப் போச்சாதுங்க. அவ என்ரகிட்ட ஒரு வார்த்தை கேக்கவேயில்ல பாருங்க."

கோகிலவாணி ஈரோட்டு டாக்டர் ஒருவரின் விலாசத்தை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் தெய்வானை கோவையில் கோகிலவாணியின் ஆய்வகத்துக்கு வந்து இறங்கினார். ஈரோட்டில் பஸ் மாறித் தனியாக வந்திருந்தார். தண்ணீர் கொடுத்ததைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"என்ர வயித்துல அந்த மருந்தைத் தடவு கண்ணு. குடிக்காதவ ஈரல் எப்படி இருக்கும்னு நான் பாக்கோணும். பாத்துப்போட்டு அதை வெச்சு அந்தாளை மூஞ்சிக்கு நேரா கேக்கோணும்."

கோகிலவாணி தயங்கினார். இந்த அம்மாளின் ஈரல் சிவப்பாக இருந்தால் அர்த்தநாரியின் கதை அத்தோடு முடிந்தது. இருந்தாலும் தன் வயிற்றைத் தானே பார்க்க வேண்டும் என்கிறவரிடம் எப்படி மறுப்பது? கதவைச் சாத்தி, படுக்க வைத்து, தேய்த்தார். தெய்வானை கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். தோல் விலகியதும் கோகிலவாணி ஒரு கண்ணாடியை எடுத்து அவர் பார்க்கும்படி பிடித்தார்.

தெய்வானையின் ஈரலும் மஞ்சள். மேடுகள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தெய்வானை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். கோகிலவாணியின் கையை நகர்த்தி, விளக்கை நகர்த்திப் பார்த்தார்.

"உன்ர மருந்து பொய் சொல்லுது."

"இல்லீங்க்கா. அதுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கெடையாது. இருக்கறதைத்தான் காட்டுது. அதிகமா இனிப்பு சாப்புட்டாலும் ஈரல்ல கொழுப்புப் படியுங்க. பாத்தா குடிகாரங்க ஈரல் மாதிரியே இருக்கும்."

"நாங் குடிச்சதே இல்ல கண்ணு."

"தெரியுங்க்கா."

"அவரும் அதையேதானே சொன்னாரு."

அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. படுத்தபடியே அழுததில் வயிறு குலுங்கியது. வயிற்றோடு உள்ளே அந்த மஞ்சள் ஈரலும் குலுங்கியது. கோகிலவாணி விளக்கை அணைத்தார். ஒரு மனுஷியின் அழுகையை அவ்வளவு ஆழம் வரை பார்ப்பதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

கழுவிவிடத் தண்ணீர் எடுத்து வந்தபோது தெய்வானை எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இந்த மருந்து நாளைக்குச் சென்னிமேட்டில் கிடைக்குமா என்று கேட்டார்.

மறுநாள் அர்த்தநாரியின் கடைசிப் பிரசாரக் கூட்டம். அவர் வரப்போவதில்லை என்று நினைத்து நாற்காலிகளைப் பாதிதான் போட்டிருந்தார்கள். தெய்வானை மேடை ஏறினார். கட்சிக்காரர்கள் பதறினார்கள். பொம்பளை மேடையில் வயிற்றைக் காட்டலாமா என்று ஒரு வட்டச் செயலாளர் குறுக்கே வந்தார். சேலை கட்டுகிற ஊரில் தினமும் பார்க்கிற வயிறுதான், கொஞ்சம் உள்ளே தள்ளிப் பார்க்கப் போகிறீர்கள், விலகு என்று சொல்லிவிட்டு அவர் விளக்கின் முன்னால் நின்றார். கோகிலவாணி பக்கத்தில் நின்றார். திரையில் அதே மஞ்சள்.

"இது அர்த்தநாரி பொண்டாட்டி ஈரல்" என்றார் தெய்வானை. "நாங் குடிகாரின்னு சொல்றவங்க இப்பவே சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே சட்டியிலதான் தின்னோம்."

கூட்டத்திலிருந்து ஒரு டீச்சர் எழுந்து வந்து தனக்கும் தடவச் சொன்னார். அவருக்கும் மஞ்சள். அடுத்து ஜவுளிக்கடைக்காரர், அவருக்கும் மஞ்சள். அந்த வாரம் முழுக்கச் சென்னிமேட்டில் வீட்டுக்கு வீடு வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். ஒரு துளி குடிக்காத அர்ச்சகருக்கு மஞ்சளாகவும், அவரிடம் தினமும் திருநீறு வாங்கும் குடிகாரருக்குச் சுமாராகவும் இருந்தது. பசியோடு இருப்பதே பரமசுகம் என்று வகுப்பெடுத்த யோகா மாஸ்டருடையது எல்லாவற்றிலும் பளிச்சென்ற மஞ்சள். அவர் ஊரைவிட்டே போய்விட்டார். இவனுக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று யாரும் யாரையும் திட்ட முடியாத நிலைமை.

தெய்வானை அன்று மேடையிலிருந்து இறங்கி நேரே வீட்டுக்குப் போனார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வாசலில் காத்திருந்த கோகிலவாணியின் காதில் விழுந்தது மைசூர்பாகுப் பெட்டி குப்பையில் விழுந்த சத்தம் மட்டும்தான்.

அர்த்தநாரி குடிக்காதவர் என்று ஊர் முழுக்க நம்பியது. அதனாலேயே தோற்றார். ரகசியமாகக் குடிக்கிறவர் என்றால் ஜெயித்தாலும் பாரை மூடமாட்டார் என்று நினைத்துப் போட்டிருக்கக்கூடிய ஓட்டுகள் எல்லாம், இவர் நிஜமாகவே மூடிவிடுவார் என்று தெரிந்ததும் சம்பத்குமாருக்குப் போயின. சம்பத்குமார் மாலையும் கழுத்துமாக ஊர்வலம் வந்தார்.

ஈரோட்டு டாக்டர் அர்த்தநாரியைச் சோதித்துவிட்டு, நிலைமை மோசம்தான், ஆனால் கைமீறவில்லை என்றார். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் தான் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றும் சொன்னார். இருவருக்கும் சர்க்கரையை அடியோடு நிறுத்தினார். அர்த்தநாரி தோல்வியைத் தாங்கிக்கொண்டார். இனிப்பில்லாத டீயைத்தான் தாங்க முடியவில்லை.

கோகிலவாணி தன்னை இனி எந்த மேடைக்கும் அனுப்பக்கூடாது என்று லோகநாதனிடம் சொல்லிவிட்டுக் குழந்தைகள் வார்டு வேலைக்குத் திரும்பினார். சில மாதம் கழித்து ஒரு நாள் ஆய்வக வாசலில் முன்னறிவிப்பில்லாமல் ஒருவர் வந்து நின்றார். கொடி கட்டிய காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தார். சம்பத்குமார்தான். மெலிந்திருந்தார். கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் லேசாகப் பழுத்திருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார்.

"எனக்கு ஒருக்கா தடவிப் பாருங்க அம்மணி. சாதா வெளக்குல பாக்கோணும்."

சாதா விளக்கு என்று ஏன் சொல்கிறார் என்பது கோகிலவாணிக்குப் புரியவில்லை. கேட்டார். சம்பத்குமார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அன்னைக்கு மேடையில என்ர ஆளு கறிக்கடை லைட்டைக் கட்டியிருந்தானுங்க. நேத்து அறுத்த கறி இன்னைக்கு அறுத்த மாதிரி செவப்பாத் தெரியோணும்னு தொங்கவுடுவாங்கல்ல, அது. எனக்கே அப்பத் தெரியாது. ஜெயிச்சப்பறம் குடிச்சுப்போட்டு ஒளறுனான். நான் என்ர ஈரல் தங்கமாட்டம் இருக்குதுன்னு நெனச்சு, முன்னவிட ரெண்டு பங்கு சேத்துக் குடிச்சுட்டேனுங்க."

யாரிடமும் போக முடியவில்லை என்றார். வீட்டில் வயிற்று வலி என்று சொன்னால், ஊரே பார்த்த ஈரல், அதற்கென்ன கேடு என்று மனைவி சிரிக்கிறாராம். டாக்டரிடம் போனால் மறுநாள் பேப்பரில் வந்துவிடும் என்று பயம்.

கோகிலவாணி களிம்பை எடுக்கவில்லை. கண்ணே சொல்கிறது, இதற்குத் தோலைத் திறக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுத் தன் சின்னக் காரின் சாவியை எடுத்தார். ஈரோடு போய்ச் சேரும்வரை நகராட்சித் தலைவர் யாருக்கும் தெரியாமல் இருக்கப் பின்சீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தே வந்தார்.

டாக்டரின் காத்திருப்பு அறையில் கூட்டம் நிறைந்து வழிந்தது. ஒரே ஒரு பெஞ்சில்தான் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் அர்த்தநாரியும் தெய்வானையும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பத்குமார் கதவருகிலேயே நின்றுவிட்டார். திரும்பிப் போகத்தான் நினைத்தார். தெய்வானை அவருடைய முகத்தைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு கணவனை முழங்கையால் இடித்து, "தள்ளி உக்காருங்க. தலைவர் நிக்கறாரு" என்றார்.

அர்த்தநாரி தள்ளி உட்கார்ந்தார். சம்பத்குமார் வந்து விளிம்பில் அமர்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் எதிர்ச் சுவரில் இருந்த ஈரல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வெறும் வயித்துல வந்தீங்களா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"இல்லீங்ணா. ரெண்டு இட்லி தின்னுட்டேன்."

"அப்ப இன்னைக்கு ரத்தம் எடுக்க மாட்டாங்க. நாளைக்கு வரச் சொல்லிருவாங்க."

சம்பத்குமார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னொருக்கா வர்றதுக்குத் தைரியம் இருக்காதுங்ணா."

அர்த்தநாரி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம் போனார். இவர் எங்கள் ஊர்த் தலைவர், இன்றைக்கே எப்படியாவது பார்த்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஓட்டுக் கேட்டுத் தெருத்தெருவாகப் போனபோதுகூட அவர் அவ்வளவு பணிவாகக் கைகூப்பியதில்லை.